பீரோவில் கிடந்த பென்டிரைவ் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. உள்ளிருந்து ஏதாவது கசிகிறதா? துடைத்துப் பயன்படுத்தலாமா?

எதுவும் கசியவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் மேல்பூச்சைத் துடைக்கத் துணியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அதில் இருப்பதை முழுக்க நகல் எடுத்துவிடுங்கள். துடைப்பதை நாளைக்குக்கூட வைத்துக்கொள்ளலாம். துடைக்கும்போது ஒரு சொட்டுத் திரவம் உள்ளே இறங்கிவிட்டால், பிறகு என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவந்தாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

திருவொற்றியூரில் வீடு, ஏழெட்டு வருடம் தகர டப்பாவுக்குள் கிடந்தது, ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்த கறுப்பு மேல்பூச்சு, இப்போது தொட்டால் விரல் ரேகை பதிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரோல் போட்டுத் துடைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை விவரம் கொடுத்தது நல்லது. ரப்பர் பூச்சு, மூடிய டப்பா, கடலோர வீடு, இந்த மூன்றிலேயே பதில் இருக்கிறது.

நான் காசிமேட்டில் பதினெட்டு வருடமாக விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ (கடலின் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி), வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், செட்டெல்லாம் என் மேஜைக்கு வரும். கடல் தண்ணீர் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டில் படாமல் எதை வைத்து, எப்படி மூடுவது என்பதுதான் என் வேலையில் பாதி. அதனால் எந்தப் பிசின் எப்படிக் கெடும் என்று கையால் தொட்டே தெரியும்.

பென்டிரைவில் பேட்டரி கிடையாது, கசிவதற்குத் திரவமும் கிடையாது. உள்ளே இருக்கிற மெமரி சிப்பைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பொருள் எபாக்ஸி என்ற பிசின். அதில் பெரும்பகுதி நுண்ணிய சிலிக்காத் தூள், அதாவது மணலின் சொந்தக்காரன். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் திரும்ப உருகாது, ஒட்டாது. விலை குறைந்த கால்குலேட்டரைப் பிரித்தால் போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு உறைந்திருக்குமே, அதுவும் இதே இனம்தான். நகம் அளவுக்குச் சின்னதாக வரும் பென்டிரைவுகளில் மொத்தத்தையும் ஒரே கறுப்புக் கட்டியாக வார்த்துவிடுகிறார்கள். அவற்றைத் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

அப்படியானால் ஒட்டுவது எது? பிளாஸ்டிக் உடம்பின் மேல், கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அடிக்கிற மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. அதில் பாலியெஸ்டர் வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரம் அதன் நீளமான சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். நீளமான சங்கிலியாக இருக்கும்வரை ரப்பர், துண்டுதுண்டானால் பிசின். அறுபடும்போது உண்டாகிற அமிலம் மீதிச் சங்கிலியையும் வேகமாக அறுக்கும். டப்பாவை மூடி வைத்தால் அந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். பத்திரமாக மூடி வைத்த பொருள் சீக்கிரம் கெட்டுப்போவது இதனால்தான்.

இதை நீங்கள் வேறு ரூபத்தில் பார்த்திருப்பீர்கள். விசேஷத்துக்கு மட்டும் போட வேண்டும் என்று பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை நான்கு வருடம் கழித்து எடுத்து மாட்டி நாலடி நடந்தால் அடிப்பாகம் பொலபொலவென்று உதிரும். அதுவும் பாலியூரித்தேன்தான், அறுத்ததும் அதே ஈரம்தான். 1970, 80களின் ஒலிநாடாக்கள் சிலவற்றில் காந்தத்தூளைப் பிடித்து வைத்திருந்த பிசினும் இதே குடும்பம். இன்று அவற்றை ஓடவிட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். ஆவணக் காப்பகங்களில் அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பதமாகச் சுடவைத்து, பிசுபிசுப்பு தற்காலிகமாக அடங்கியிருக்கும்போது நகல் எடுக்கிறார்கள். அங்கேயும் முதல் வேலை நகல்தான், கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பார்த்துப் பென்டிரைவை அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் சிப்பில் இருக்கும் மின்னூட்டம் வேகமாக வடியும், பதிவுகள் போய்விடும்.

வேறு இரண்டு வகைப் பிசுபிசுப்பும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டிக்கர் இருந்த சதுரத்தில் மட்டும் ஒட்டினால் அது லேபிள் பசை. தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு வழித்தால் வந்துவிடும். ஏதாவது ஒயர் மேல் கிடந்து, தொட்ட இடம் மட்டும் குழைந்து பள்ளமாகியிருந்தால் வேறு கதை. ஜாமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் தழும்பு விழுந்திருக்குமே, அதேதான். பிவிசியை மெத்தென்று ஆக்கக் கலக்கும் எண்ணெய் வெளியேறி அடுத்த பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுகிறது. அந்தத் தழும்பு போகாது.

உங்களுடையது முதலில் சொன்ன மேல்பூச்சு வகை. போன வருடம் துறைமுகத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இதே மாதிரி ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ, ஸ்டுடியோக்காரர் அப்போது பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்ததால் கறுப்புப் பூச்சில் சிவப்பு நூல் பிசிறும் பொடி ஜரிகையும் அப்பியிருந்தன. மகன் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறான். பிசின் போகவில்லை, எண்ணெயும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

“இன்னா தம்பி, உள்ள இருக்கற மருந்து லீக்காவுதா?”

“அதெல்லாம் இல்லக்கா. மேல் தோலு உரியுது, அவ்ளோதான். வீடியோவ மொதல்ல எடுத்துக்கலாம், குந்துங்க.”

யுஎஸ்பி முனையின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு தங்க முலாம் பட்டைகளில் இரண்டின் மேல் மெல்லிய கறுப்புப் படலம். அப்படியே செருகியிருந்தால் அந்தப் பிசின் கணினியின் துளைக்குள்ளும் போய் ஒட்டியிருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை ஐபிஏ என்ற ஆல்கஹாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பட்டைகளை மட்டும் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தேன். கால் மணி நேரம் காயவிட்டுச் செருகினேன். 3.2 ஜிபி, ஒரே கோப்பு, முழுதாக வந்தது. அதை அவருடைய போனிலும் இன்னொரு புதுப் பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் மேல்பூச்சில் கை வைத்தேன்.

ஐபிஏ என்பது ஐசோபுரோபைல் ஆல்கஹால். ரிச்சி தெருவில் சால்டரிங் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருப்பதாக வாங்குங்கள். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் தன் பங்குக்கு ஒரு பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். பெட்ரோல் கண்டிப்பாக வேண்டாம். வீட்டுக்குள் தீ அபாயம் என்பது ஒன்று, இந்தப் பூச்சை அது சரியாகக் கரைக்கவும் கரைக்காது. தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அதைவிட மோசம். அவற்றில் இருக்கக்கூடிய அசிட்டோன், பூச்சோடு சேர்த்து அடியில் உள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் குழைத்துவிடும். டால்கம் பவுடர் போட்டால் இரண்டு நாள் ஒட்டாது, மூன்றாம் நாள் பவுடரும் சேர்ந்து ஒட்டும்.

யுஎஸ்பி முனைக்குப் பேப்பர் டேப் சுற்றிவிடுங்கள். பழைய பனியன் துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பென்டிரைவின் மேல் ஊற்றக் கூடாது, துணியைத்தான் நனைக்க வேண்டும். முனைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி அழுத்தித் தேய்த்தால் முதலில் கறுப்பாக இழுபடும், பிறகு உடம்பில் அழுக்கு திரள்வது போலச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு வரும். துணி கறுத்ததும் தூக்கிப் போடுங்கள். கறுத்த துணியால் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறீர்கள். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருபது நிமிடத்தில் அடியில் இருக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் தெரியும். எழுத்தும் லோகோவும் பூச்சோடு போய்விடும், அதற்கு வழியில்லை. அந்த அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது என்னுது இல்லியே தம்பி” என்றார். செருகிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

உரித்த இடத்தில் வேறு ஏதாவது பூசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எலக்ட்ரானிக்ஸை மூடுவதற்கு எந்தப் பொருள் என்பதில் நானே ஒருமுறை தப்புச் செய்து ஒரு போர்டை இழந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஃபைபர் படகின் ஜிபிஎஸ்ஸில் தண்ணீர் ஏறாமல் இருக்க, வாஷ்பேசின் ஓரத்துக்கு அடிக்கிற சாதாரண சிலிகானை உள்ளே போர்டு மேலேயே தடவினேன். வினிகர் வாடை அடித்தது. காய்ந்ததும் வாடை போய்விட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த தடைக்காலத்தில் திறந்தால் செம்புக் கோடுகள் பச்சை பூத்து, இரண்டு இடத்தில் அறுந்தே போயிருந்தன. அந்த வாடைதான் அசெட்டிக் அமிலம். அந்த வகை சிலிகான் இறுகும்போது அதை வெளியே விடும், செம்பு அதில் அரிக்கும். கடலில் வழிகாட்ட வேண்டிய சாதனம் அது. நல்லவேளையாகக் கரையில் நிற்கும்போது தெரிந்தது. போர்டை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, இறுகும்போது அமிலம் விடாத ஆல்காக்ஸி வகை நியூட்ரல் சிலிகானைத் தவிர வேறெதையும் போர்டுக்குப் பக்கத்தில் விடுவதில்லை.

போர்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசுவதற்கு அக்ரிலிக், சிலிகான், பாலியூரித்தேன் என்று தனிப் பூச்சுகள் இருக்கின்றன. பலவற்றில் ஒளிரும் சாயம் கலந்திருப்பார்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா விளக்கைக் காட்டினால் பூச்சு பட்ட இடமெல்லாம் நீலமாக மின்னும், விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரியும். அந்த இருட்டில்தான் உப்பு உட்காரும். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்னாலேயே ஈரம் கட்டும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இருக்கிற நமக்கு அந்த 75 என்பது சாதாரணக் காலை நேரம்.

மொத்தமாகப் பிசின் ஊற்றி மூடிய சாதனங்களில் மட்டும் உள்ளிருந்தே பிசுபிசுப்பு வருவது உண்டு. ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கண் அளவில் கலந்தால் அது எத்தனை நாளானாலும் இறுகாது, வெல்லப்பாகு மாதிரியே இருக்கும். கிராம் தராசு இல்லாமல் நான் கலப்பதில்லை. சரியாக இறுகியதுகூட, வகை தப்பாக இருந்தால் ஈரத்தில் திரும்ப இளகும். 1960களில் வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க ஃபேன்டம் போர் விமானங்களில் ஒயர் இணைப்புகளை மூடியிருந்த பிசின், அந்த ஊர்ப் புழுக்கத்தில் கூழாகிவிட்டது. அதனால் இன்று கடலுக்குப் போகும் கேபிள்களுக்குப் பாலியெஸ்டர் வகையை விட்டுவிட்டு, ஈரம் எளிதில் அறுக்க முடியாத பாலிஈதர் வகைப் பாலியூரித்தேனைப் போடுகிறார்கள்.

உரித்த பென்டிரைவைப் பாட்டு ஏற்றவும், பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரே பிரதியாக எதையும் அதில் வைக்காதீர்கள், மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் கிடக்க அது செய்யப்பட்டதல்ல. புதிதாக வாங்கினால் உலோக உடம்போ வெறும் பிளாஸ்டிக்கோ பார்த்து வாங்குங்கள். மெத்தென்ற ரப்பர் பூச்சு கடையில் கைக்கு இதமாக இருக்கும், நம் பக்கத்துக் காற்றுக்குத் தாங்காது. அந்தத் தகர டப்பாவில் அதே மாதிரி மெத்தென்ற ரிமோட்டோ மவுஸோ கிடந்தால் அதையும் இன்றே வெளியே எடுத்து வையுங்கள்.