மூன்று நிபந்தனைகளும் ஒரு முருங்கைப் போத்தும்

வணக்கம் ஐயா,

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எட்டு வருடமாகக் கல்யாண வீடியோவும் கடை விளம்பரங்களும் எடுத்து வருகிறேன். முதல் முழுநீளப் படத்துக்குத் திரைக்கதை எழுதி முடித்துவிட்டேன், 95 பக்கம். வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டதால் பிறை என்ற ஊரில் அடுக்குமாடிக்குக் குடிவரும் ஒரு குடும்பத்தின் கதை. தயாரிப்பாளர் ஒருவர் மூன்று லட்சம் வெள்ளி (ரிங்கிட்) போடத் தயாராக இருக்கிறார். சென்னையிலிருந்து முகம் தெரிந்த ஒரு நடிகர், இரண்டு பாட்டு, தனியாக ஒரு நகைச்சுவைப் பகுதி என்று மூன்று நிபந்தனை. லிஃப்ட் கெட்டுப்போன நாளில் அப்பா ஒரு வாளி மண்ணையும் நடுவதற்கு வெட்டிய முருங்கைப் போத்தையும் பதினான்காவது மாடிக்குத் தூக்கிப் போகும் காட்சியை 'இழுவை' என்கிறார். எனக்கு அந்தக் காட்சிக்காகத்தான் படமே. ஒத்துக்கொண்டால் படம் என்னுடையதாக இருக்காது, மறுத்தால் படமே இருக்காது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தயாரிப்பாளருக்கு இருப்பது போட்ட பணம் திரும்புமா என்ற பயம். மூன்று நிபந்தனையும் அதிலிருந்து வந்தவைதான். அந்தப் பயத்தை முதலில் கணக்காக எழுதிப் பார்ப்போம்.

டிக்கெட் 15 வெள்ளி என்று வையுங்கள். 25 விழுக்காடு கேளிக்கை வரி அதற்குள் அடக்கம் என்றால் 3 வெள்ளி வரிக்குப் போகும். இது மாநில அரசுக்குச் சேரும் வரி, சலுகைகள் இடத்துக்கு இடம் மாறும், விநியோகஸ்தரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் 12. அதில் பாதி திரையரங்குக்கு. உங்கள் பக்கம் வரும் 6 வெள்ளியில் விநியோகஸ்தர் 15 விழுக்காடு எடுத்தால் கையில் நிற்பது 5 வெள்ளி 10 காசு. தயாரிப்புக்கு 300,000, விளம்பரத்துக்கு 60,000 என்றால் போட்ட பணம் மட்டும் திரும்பவே ஏறக்குறைய 70,600 டிக்கெட் விற்க வேண்டும். நாடு முழுக்க இந்தியர் சுமார் 20 லட்சம் பேர். கைக்குழந்தை முதல் தாத்தா வரை நூற்றுக்கு மூன்றரைப் பேர் அரங்குக்கு வர வேண்டும். முதல் பட இயக்குநருக்கு அது மிகப் பெரிய சுமை.

இதையே தயாரிப்புக்கு 160,000, விளம்பரத்துக்கு 40,000 என்று போட்டுப் பாருங்கள். 39,200 டிக்கெட் போதும். தொலைக்காட்சி உரிமையை முன்கூட்டியே பேசி முடித்தால் இன்னும் இறங்கும். அதனால் என் யோசனை, மூன்று லட்சத்தை வாங்காதீர்கள். பாதியைக் கேளுங்கள். தொகை குறையக் குறைய அவருக்குப் பயம் குறையும், உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

எதைக் குறைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூலியில் கை வைக்காதீர்கள். சம்பளம் பாதியாக்கப்பட்ட ஒளிப்பதிவாளர் அடுத்த வேலை வந்ததும் போய்விடுவார், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் சம்பளத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். பிறகு வாங்கிக்கொள்வதாக இருந்தாலும் அங்கே தொகை இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் அடுத்த படத்துக்கும் இயக்குநர் சம்பளம் பூஜ்யம் என்றே விலை பேசுவார்கள். குறைக்க வேண்டியது இடங்களை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறினால் சாமான் கட்டி, லாரி ஏற்றி, இறக்கி, மறுபடி விளக்கு வைக்க இரண்டு மணி நேரமாவது போகும். ஒரே நாளில் இரண்டு தடவை மாறினால் பன்னிரண்டு மணி நேர வேலையில் மூன்றில் ஒரு பங்கு காலி. கதை பெரும்பாலும் ஒரே அடுக்குமாடியில் நடப்பதால் உங்களுக்கு இது எளிது. வீடு, வராந்தா, படிக்கட்டு, கீழே இருக்கும் கடை எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைத்தால் நாலு நாள் மிச்சம்.

இனி சென்னை நடிகர். முகம் தெரிந்தவர் வேறு, டிக்கெட் விற்பவர் வேறு. உங்கள் பட்ஜெட்டில் முதல் வகைதான் கிடைப்பார். சம்பளத்தோடு விமான டிக்கெட், ஹோட்டல், உடன் வரும் உதவியாளர் செலவு சேரும். வெளிநாட்டுக் கலைஞர் என்பதால் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழு) அனுமதியும் எடுக்க வேண்டும். ஆறு நாள் கால்ஷீட் தருவார், படப்பிடிப்பு அட்டவணை முழுக்க அந்த ஆறு நாளைச் சுற்றி வளையும். இதைவிடப் பெரிய நஷ்டம் பேச்சில். நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) மனிதர் மகளைப் பார்த்து "பசியாறிட்டியா?" என்று கேட்பதில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தவர் மனப்பாடம் செய்து அதைச் சொன்னால் கிள்ளானில் உட்கார்ந்திருக்கும் ரசிகருக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். நம் ஊர்ப் பேச்சு குறையாகிவிடும் என்று தயாரிப்பாளர் சொன்னால் 'ஜகாட்' படத்தை நினைவூட்டுங்கள். நம் தமிழில் பேசிய அந்தப் படம்தான் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. இந்த நிபந்தனையை மட்டும் நேராக மறுத்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நேரடி ஒலிப்பதிவுக்கு மாற்றுங்கள். டப்பிங்கில் வாய் பொருந்தும், மூச்சு பொருந்தாது. ஒலிப்பதிவாளரை இடம் பார்க்கும்போதே கூட்டிப் போங்கள். தகரக் கூரை உள்ள இடத்தில் மழை வந்தால் வேலை நின்றுவிடும் என்பதை அவர்தான் முதலில் சொல்வார். வீட்டுக்குள் எடுக்கும்போது விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் அணைக்க வேண்டும். மறுபடி போட மறந்தால் வீட்டுக்காரருடைய மீன் கெட்டுப்போகும். உதவி இயக்குநரின் கார் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அவர் அதைத் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் எல்லாரும் அசையாமல் நிற்க, முப்பது வினாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதைப் போல் வேறு எதுவும் உதவாது.

பாடலில் விட்டுக்கொடுங்கள், ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள். மின்னல் எஃப்.எம். போன்ற வானொலிகளில் உள்ளூர்ப் பாடலுக்கு இடம் உண்டு. வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பு பாட்டு வந்துவிட்டால் அதுவே விளம்பரம். அதற்கென்று தனி நாள் மட்டும் ஒதுக்காதீர்கள். குடும்பம் வீடு மாறும் காட்சிகளின் மேல் ஓடட்டும். 95 பக்கத்தை 20 நாளில் எடுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 4¾ பக்கம், புதிய குழுவுக்கு அதுவே உச்சம். நடனப் பாட்டுக்கு மூன்று நாள் போனால் 5½ பக்கத்தைத் தாண்டும். மாலை ஆறு மணிக்கு நேரம் போதாதபோது முதலில் வெட்டு வாங்குவது எது தெரியுமா? வசனம் உள்ள காட்சியைத் தொட முடியாது, கதை அறுந்துவிடும். பேசாமல் ஓர் ஆள் படியேறும் காட்சியைத்தான் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் காப்பாற்றிய காட்சி அட்டவணையில் செத்துப்போகும்.

ஆகவே முருங்கைக் காட்சிக்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ. முதல் நாள் வேண்டாம், குழு இன்னும் பழகியிருக்காது. கடைசி வாரமும் வேண்டாம், விட்டுப்போன வேலையெல்லாம் அங்கே வந்து குவியும். பதினான்கு மாடியும் ஏற வேண்டியதில்லை. இரண்டு மாடியைப் பிடித்து எண் பலகையையும் வாசல் செருப்புகளையும் மாற்றிக்கொள்ளலாம். பத்து லிட்டர் வாளியில் ஈரமண் நிறைத்தால் பதினைந்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும், வயதான நடிகர் பத்து டேக் தூக்க முடியாது. அடியில் ஃபோம் வைத்து மேலே மண் போடுங்கள், ஆனால் ஐந்தாறு கிலோவாவது இருக்கட்டும். காலி வாளியைத் தூக்கும் தோள் ஒரு பக்கம் சாயாது, பார்ப்பவர் கண் அதை உடனே பிடித்துவிடும். ஒரே நீளத்தில் ஐந்து போத்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், படியில் இடித்துத் தோல் உரியும்.

மாலை வெளிச்சம் வேண்டும் என்றால் பள்ளிவாசலின் மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கும் அதே நேரத்தில் வரும். பாங்கு ஒலிக்கும்போது இரண்டு மூன்று ஷாட்டாகப் பிரித்து எடுத்தால் எடிட்டிங்கில் ஒலி துண்டு துண்டாகக் குதிக்கும், சரி செய்யவே முடியாது. அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது கடைசி மாடியை ஒரே ஷாட்டில், பாங்கோடு சேர்த்தே எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். தோட்டத்துக் கோயில் மணியை விட்டுவிட்டு வந்தவர் இந்த ஊரின் மாலையைக் கேட்டுக்கொண்டே ஏறட்டும்.

நகைச்சுவைக்குத் தனிப் பகுதி எழுதினால் ஒட்டாது. கெட்டுப்போன லிஃப்ட் இருக்கிறது, குடியிருப்போர் கூட்டம் இருக்கிறது, கோழி வளர்க்கக் கூடாது என்று சொல்ல வரும் அதிகாரியை ஒரே ஒரு காட்சியில் கொண்டுவரலாம். அப்பா மூச்சு வாங்கி உட்காரும் எட்டாவது மாடியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதாவது கேட்கட்டும். தயாரிப்பாளர் கேட்ட சிரிப்பும் கிடைக்கும், அவர் 'இழுவை' என்ற காட்சி நடுவில் மூச்சும் விடும். இந்த விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் 'செலவு போக லாபத்தில் பங்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எவையெல்லாம் செலவு, விளம்பரத்துக்கு உச்சவரம்பு என்ன, யார் பணம் முதலில் திரும்பும் என்று பட்டியல் வேண்டும். படம் முடிந்து பதினெட்டு மாதத்துக்குள் வெளியிடவில்லை என்றால் உரிமை உங்களிடம் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இறுதி எடிட்டிங் உரிமை முதல் படத்துக்கு முழுதாகக் கிடைப்பது அரிது. இரண்டு காட்சிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் தொடக்கூடாது என்று கேளுங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் ஒப்புவார்கள்.

வசனம், இசை, மற்ற ஒலிகள் மூன்றையும் தனித்தனியாக மிக்ஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை வாரியம் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம், இல்லையென்றால் ஸ்டூடியோவுக்கு மறுபடி முழுக்கூலி. மலாய் வசன வரிகளை இரண்டு மொழியிலும் வாழ்பவரிடம் கொடுங்கள். வரிக்கு நாற்பது எழுத்துக்கு மேல் போனால் படிப்பதற்குள் முகம் போய்விடும்.

வெளியீடு தீபாவளியிலும் வேண்டாம், சென்னையின் பெரிய படம் வரும் வாரத்திலும் வேண்டாம். இருக்கும் தமிழ்க் காட்சிகளுக்குள்தான் போட்டி. உள்ளூர்ப் படங்களை அரங்குகள் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் உங்களுக்குத் திரை வாங்கித் தரலாம், காலை பதினோரு மணிக் காட்சியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் குடும்பத்தை எப்படி அழைப்பது? வியாழக்கிழமை வந்த படத்தின் கதி ஞாயிறு இரவுக்குள் தெரிந்துவிடும். அந்த நாலு நாளுக்கு பினாங்கு, சுங்கை பட்டாணி, ஈப்போ, கிள்ளான் ஆகிய ஊர்களில் ஆட்களைத் திரட்டி வையுங்கள்.

படப்பிடிப்புக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது, பினாங்கில் மழை குறைவான மாதங்கள். பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு எல்லாம் அதற்குள்ளேயே வரும். படப்பிடிப்புச் சாமான் வாடகைக்குத் தரும் கடைகள் மூடும் நாட்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு ஒலிப்பதிவாளரோடு அந்தப் படிக்கட்டில் போய் நில்லுங்கள். பாங்கு எத்தனை நிமிடம் கேட்கிறது, அது முடிந்தபின் வெளிச்சம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நேரம் குறித்துக்கொண்டு வாருங்கள். ஷாட்டின் நீளத்தை அதை வைத்து முடிவு செய்யலாம்.

அன்புடன்.