காகிதத்தில் ஒரு கணக்குப் பொறி: எடித் கிளார்க் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்க மின்பொறியாளர் எடித் கிளார்க்கின் (1883–1959) பெயரைப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. மேட்டூரிலும் சேலத்திலும் துணை மின்நிலையங்களிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி மாணவி: ஐயா, அவர் நேராகப் பொறியியல்தான் படித்தாரா?

இல்லை அம்மா. சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். பங்காக வந்த பணத்தைப் படிப்பில் போட்டார். 1908-ல் கணிதமும் வானியலும் படித்துப் பட்டம் பெற்றார். ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு தொலைபேசி நிறுவனத்தில் 'கம்ப்யூட்டர்' ஆனார். அந்தக் காலத்தில் அது இயந்திரமல்ல, கணக்குப் போடும் ஆள். 1919-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். பட்டம் வந்தது, பொறியாளர் வேலை வரவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற மின்கருவி நிறுவனத்தில் மற்றப் பெண்கள் போடும் கணக்கை மேற்பார்க்கும் வேலைதான் கிடைத்தது. 1921-ல் அதை உதறிவிட்டு இஸ்தான்புல்லில் இயற்பியல் கற்பிக்கப் போனார். மறு ஆண்டே அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக எடுத்துக்கொண்டது. கோபித்துக்கொண்டு போனால்தான் மதிப்பு வரும் என்பது என் மனைவியின் தீர்ப்பு.

மேட்டூர் டிப்ளமா மாணவர்: கிளார்க் கால்குலேட்டர் எப்படி இருக்கும்?

நீளமான மின்கடத்து லைன்களின் கணக்கைப் போட அவர் உருவாக்கிய கருவி அது. பேட்டரியும் இல்லை, பொத்தானும் இல்லை, தம்பி. கோடுகள் வரைந்த ஒரு தாள், அதன்மேல் சுழலும் ஒரு கை. அவ்வளவுதான். நீளமான லைனில் கம்பியே, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். நள்ளிரவில் மின்தேவை (லோடு) குறைந்தால், அனுப்பும் முனையைவிடப் பெறும் முனையில் வோல்டேஜ் ஏறி நிற்கும். இதைத் துல்லியமாகக் கணக்கிட ஹைபர்பாலிக் சார்புகள் என்ற சிக்கலான கணிதத்தோடு பக்கம் பக்கமாக மல்லுக்கட்ட வேண்டும். கிளார்க் அந்த மல்லுக்கட்டலைத் தானே ஒருமுறை முடித்துக் கோடுகளாக வரைந்துவைத்தார். மற்றவர்கள் கையைத் திருப்பி விடையைப் படித்தால் போதும். 1921-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1925-ல் வந்தது. நம் மேட்டூர்–சேலம் லைனுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 80 கிலோமீட்டருக்கு உட்பட்டதைக் குறுகிய லைன் என்று சொல்லி எளிதாகப் போட்டுவிடுவோம்.

ஏற்காடு காப்பித் தோட்டக்காரர்: காற்றடித்தால் எங்கள் சில்வர் ஓக் மரம் ஒரே ஒரு கம்பியில்தான் சாய்கிறது. அதற்கும் இவர் கணக்கு உதவுமா?

அதற்குத்தான் உதவும். மூன்று ஃபேஸும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளும், சமமாக இருந்தால் ஒன்றுக்குக் கணக்குப் போட்டாலே போதும். ஒன்று மட்டும் தரையோடு சேர்ந்தால் சமநிலை போய்விடும். அதைச் சமநிலையுள்ள தொகுதிகளாகப் பிரிக்கும் வழியை 1918-ல் ஃபோர்டெஸ்க்யூ என்ற மின்பொறியாளர் காட்டினார். கிளார்க் அதை வேலைக்களத்துக்குக் கொண்டுவந்தார். ஆல்ஃபா, பீட்டா, ஜீரோ என்று தம் பங்குக்கு வேறொரு பிரிப்பும் தந்தார். மில்லில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவுக்குள்ளும், மூன்று ஃபேஸ் சோலார் இன்வெர்ட்டருக்குள்ளும் இன்றும் ஓடுவது அந்த ஆல்ஃபா–பீட்டாதான்.

ஆத்தூர் ஆசிரியை: நம் பக்கத்தில் இப்படி ஒருவர் இல்லையா?

சென்னையில் அ.லலிதா இருந்தார். கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள். பிற்பாடு பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்து லைன் வேலையில் பங்கெடுத்தார். அவருக்குத் தனியாகவே ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

சூரமங்கலம் வாசகர்: கிளார்க்கின் அந்தத் தாளைப் பார்க்க முடியுமா?

காப்புரிமைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. அச்சிட்டு, அட்டையில் ஒரு கை வெட்டிக் குண்டூசியால் குத்திச் சுழற்றிப் பாருங்கள். நான் செய்துவைத்ததைப் பார்த்துப் பேத்தி மணி எத்தனை என்று கேட்டாள்.