கான்கார்டும் கல்குவாரியும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அலுவலக வேலையாக லண்டனிலிருந்து நியூயார்க் போனேன். ஏறக்குறைய எட்டு மணி நேரம். நான் பிறப்பதற்கு முன்பே, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் இதே தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிட்டது என்று நினைத்தபோது எரிச்சலாக இருந்தது. சத்தம் சத்தம் என்று புகார் செய்தவர்களும் சூழலியல்வாதிகளும் சேர்ந்துதானே அதைக் கொன்றார்கள்? ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது ஒரு தடவை ‘டமார்’ என்று கேட்கும், அவ்வளவுதானே? இப்படி ஒரு விமானம் மறுபடி வருமா, நாம் அதில் போவோமா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்தின் கூரைமேல் ஒரு கான்கார்டையும், அதோடு போட்டியிட்ட சோவியத் விமானம் டியூ-144 ஒன்றையும் மூக்கு மேலே பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிப் பார்த்தேன். உள்ளே தரை சாய்வாக இருப்பதால் குன்று ஏறுவதுபோல மூச்சு வாங்கியது. ஜன்னல் உள்ளங்கை அளவுதான். இதற்குள் நூறு பேர் உட்கார்ந்து மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கிறார்கள். பறக்கும்போது சூட்டில் விமானமே ஏறக்குறைய ஒரு சாண் நீளும். விமானப் பொறியாளரின் பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு திறக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். 2003-இல் கடைசிப் பயணங்களில் சில பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டு இறங்கினார்கள். இனி அதை யாரும் உருவ முடியாது. குளிர்காலத்தில் லண்டனில் சூரியன் மறைந்தபின் கிளம்பினால், மேற்கே அது மறுபடி எழுவதைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் உருகுகிறவன்தான் நானும்.

ஆனால் “ஒரு தடவை டமார், அவ்வளவுதானே” என்று எழுதியிருக்கிறீர்களே, கொஞ்சம் படித்துவிட்டு எழுதியிருக்கக் கூடாதா? ஆற்றில் விசைப்படகு போகிறது. கிளம்பிய இடத்தில் மட்டுமா கரையில் அலை அடிக்கிறது? போகிற வழியெல்லாம் அடிக்கும். விமானமும் அப்படித்தான். ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரம் முழுக்க அந்த வெடிச்சத்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே போகும். கான்கார்ட் பறந்த உயரத்திலிருந்து அது ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அகலத்துக்கு விழும். கீழே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவைதான், சரி. ஆனால் வழியில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு தடவை. கேட்காதது மேலே இருக்கும் அந்த நூறு பேருக்கு மட்டும்.

1964-இல் அமெரிக்க அரசு ஒக்லஹோமா சிட்டி மக்கள்மேல் இதைச் சோதித்தது. ஆறு மாதம், தினமும் எட்டு வெடி வரை, மொத்தம் 1,253. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. முடிவில் கால்வாசிப் பேருக்குக் கொஞ்சம் அதிகமானவர்கள், இதோடு வாழ முடியாது என்றார்கள். மிச்சம் முக்கால்வாசி பழகிக்கொள்வோம் என்றது. அந்த முக்கால்வாசிதான் என்னைத் தூங்கவிடாதது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். விசில் கேட்டதும் அம்மா சோற்றுக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தட்டு ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். சுவரில் விரிசல் விழுந்ததும் அப்பா மனு எழுதிக்கொண்டு போனார். “ஜல்லி இல்லாம ரோடு எப்படிங்க போடறது?” என்று கேட்டு மனுவை மடித்துக் கையிலேயே கொடுத்துவிட்டார் அதிகாரி. எங்கள் தெரு கடைசிவரை மண் தெருதான். யாராவது வந்து கேட்டிருந்தால், “பழகிடுச்சுப்பா” என்றுதான் அம்மாவும் சொல்லியிருப்பாள். குவாரி மூடித் தண்ணீர் தேங்கி எத்தனையோ வருஷம் கழித்தும், மணி ஒன்றானால் அவள் கை தானாக ஸ்டாண்டுக்குப் போகும்.

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். விபத்து, எரிபொருள் செலவு பற்றியெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று, விடுங்கள். சூழலியல்வாதிகள் கொன்றார்கள் என்பது மட்டும் அபத்தம். 1973-இல் அமெரிக்கா தன் நிலத்தின்மேல் பயணிகள் விமானம் ஒலிவேகத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1977 டிசம்பரில் பஹ்ரைன் வழியாக சிங்கப்பூர் சேவை தொடங்கி, மூன்று தடவை போய்வருவதற்குள் மலேசியா சத்தத்தைச் சொல்லித் தடுத்தது. இந்தியாவும் தன் வான்வெளியில் அந்த வேகத்துக்குச் சம்மதிக்கவில்லை. அந்த சிங்கப்பூர் சேவை மறுபடி 1979-இல் ஓடி 1980-இல் நின்றுபோயிற்று. கடலுக்கு மேல் மட்டும் வேகமாகப் போகலாம் என்றால் அட்லாண்டிக் போல எத்தனை வழி கிடைக்கும்? சேவையில் இருந்ததே பதினான்கு விமானம்தான்.

மறுபடி வருமா என்றால், வரலாம். 2025 ஜனவரியில் பூம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சோதனை விமானம் ஒலிவேகத்தைத் தாண்டியது. அந்த வெடியை வெறும் ‘தொப்’பாக்கப் பார்க்கும் நாசாவின் எக்ஸ்-59 விமானம் அதே வருஷம் அக்டோபரில் முதல்முறை பறந்தது. பழைய தடையை எடுக்கவும் அங்கே உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

நான் போகமாட்டேன். சின்ஸ்ஹைமில் அந்தச் சாய்வில் ஏறி இறங்கிய முழங்கால் இன்னும் வலிக்கிறது. நீங்கள் போனால் கட்டாயம் எழுதுங்கள், சூரியன் மேற்கே எழுந்ததா என்று.