டிஹுவானா எஃப்எம்மில் தமிழ் நிகழ்ச்சி: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சான் டியேகோ பக்கம் சுலா விஸ்டாவில் இருக்கிறோம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் வானொலியில் தமிழ் நிகழ்ச்சி நடத்த ஆசை. எல்லைக்கு அந்தப்பக்கம், டிஹுவானா எஃப்எம் ஒன்றில் ஞாயிறு இரவு 10 மணி வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினால் போதுமாம். ஒலிபரப்பு மெக்சிகோவில் என்பதால் அமெரிக்க அனுமதி வேண்டாமாம். பிறகு நிலையத்தில் பங்கும் எழுதித் தருவாராம். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

வீட்டில் பதிவு செய்து அனுப்புவதுதான் முதல் வில்லங்கம். 1930களில் ஜான் பிரிங்க்லி என்று ஒருவர், ஆட்டு விரைகளை ஆண்களுக்கு வைத்துத் தைத்து 'வீரியம்' விற்றவர், கான்சஸில் வானொலி உரிமம் பறிபோனதும் எல்லை தாண்டி மெக்சிகோவின் வில்லா அகூன்யா ஊரில் நிலையம் வைத்தார். அமெரிக்காவில் இருந்தபடியே தொலைபேசிக் கம்பி வழியே பேசினார். அந்தக் கதவை அடைக்க 1934இல் போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. இப்போது அதன் பெயர் அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 325(சி) பிரிவு. அமெரிக்க மண்ணில் நிகழ்ச்சி தயாரித்து, இங்கே சீராகக் கேட்கக்கூடிய வெளிநாட்டு நிலையத்துக்கு அனுப்ப எஃப்சிசியின், அதாவது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின், முன் அனுமதி வேண்டும். உங்கள் டைனிங் டேபிளில் வைத்த மைக்கும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஸ்டூடியோதான்.

'91எக்ஸ் நிலையம் அப்படித்தானே நடக்கிறது?' என்பார் தரகர். சான் டியேகோவில் ஸ்டூடியோ, டிஹுவானாவில் ஒலிபரப்பு, உண்மைதான். ஆனால் அனுமதியோடு. அனுமதி கைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 690 ஏஎம் என்ற மெக்சிகோ நிலையம் உதாரணம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஸ்டூடியோவில் சீன மொழி நிகழ்ச்சி தயாராகி, எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து ஒலித்தது. 2018இல் எஃப்சிசியிடம் விண்ணப்பம், 2020 ஜூனில் தள்ளுபடி. ஸ்டூடியோவில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் விண்ணப்பத்தில் இல்லையாம்! இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தவர்கள், நிகழ்ச்சியை நிறுத்தக் கொடுத்தது 48 மணி நேரம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் நேரில் டிஹுவானா போய், அங்குள்ள ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசினால் 325(சி) உங்களைத் தொடாது. ஒலி அங்கேயே பிறக்கிறது, அங்கேயே ஏறுகிறது. கவனியுங்கள், பேச்சு மட்டும் அங்கே, பாதி நிகழ்ச்சி வீட்டில் பதிவு செய்தது என்றால் பழைய கதைதான். லேப்டாப்பில் நேரலையாக இணைவதும் அப்படியே. பென் டிரைவில் எடுத்துப் போனால் தப்பிக்கலாம் என்று சொல்லும் புத்திசாலிகள் உண்டு. அவர்களை நம்பி நான் ஒரு டாலர் கூட வைக்க மாட்டேன். நிகழ்ச்சி முழுக்க அங்கே தயாராக வேண்டும்.

அடுத்தது மொழி. மெக்சிகோ வானொலிக்கு ஸ்பானியமும் அந்நாட்டுப் பூர்வகுடி மொழிகளும்தான் பொது விதி. வெளிநாட்டு மொழியில் ஒலிபரப்ப உள்துறைச் செயலகத்தின் சம்மதம் வேண்டும் என்றது 2014 சட்டம். ஆங்கிலத்துக்கு வாங்கி வைத்திருக்கும் நிலையம் தமிழுக்கும் வாங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பங்கு விஷயத்தில் சிரிப்புதான் வருகிறது. மெக்சிகோ வானொலியில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 49% உச்சவரம்பு. அதுவும் உங்கள் நாடு அவர்களுக்கு எவ்வளவு இடம் தருகிறதோ அந்த அளவுக்குத்தான். கட்டுப்பாட்டு ஆணையம் ஒப்பாமல் உரிமம் கை மாறாது. அந்த ஆணையமாவது நிலையாக இருக்கிறதா? 2013இல் தொடங்கிய அமைப்பை 2025இல் கலைத்துவிட்டு வேறொன்றை உட்கார வைத்தார்கள். எந்தப் படிவம், எந்த ஜன்னல் என்பதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மெக்சிகோவில் அரசு அலுவலக வாசலில் ஃபைலும் கையுமாக நிற்கும் தரகரைக் கொயோட்டே என்பார்கள். எல்லை தாண்டி ஆள் கடத்துபவருக்கும் அதே பெயர்தான். அப்படி ஒருவர் என்னிடம் ஒரு நிலைய உரிமத்தின் ஜெராக்ஸ் காட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோர். நிலையத்தின் அடையாளமான அழைப்பு எழுத்து மட்டும் 'கே'யில் ஆரம்பித்தது. 'கே' அமெரிக்க நிலையங்களுக்கு உரியது; மெக்சிகோவில் எக்ஸ்ஈ, எக்ஸ்எச் என்றுதான் தொடங்கும். சமூக வானொலியில் மலிவாக நேரம் இருக்கிறது என்பார்கள், அதுவும் பொறி. லாப நோக்கமில்லாத உரிமத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நேரம் விற்க முடியாது.

உங்கள் தரகரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: 'லா ஓரா நசியோனால்' என்றால் என்ன? 1937 முதல் மெக்சிகோ நிலையங்கள் ஞாயிறு இரவு ஒரு மணி நேரம் கட்டாயம் ஒலிபரப்பும் அரசு நிகழ்ச்சி அது. வழக்கமான நேரம் 10 மணி. விற்க முடியாத மணியைத்தான் உங்களுக்கு விற்கிறார்.

ஆசை விடவில்லை என்றால் உரிமதாரரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுங்கள், உரிமம் முடியும் தேதியைப் பாருங்கள், நேரில் போய்ப் பேசுங்கள். நிகழ்ச்சி ஒரு மணி நேரம்தான். சான் யிசிட்ரோ எல்லைச் சாவடியில் திரும்பி வரும் கார் வரிசைக்கு இரண்டு மணி நேரம் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.