பால்கனியில் ரோஜாத் தொட்டி: அகற்றச் சொல்ல நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: பினாங்கு, பாயான் பாருவில் 11ஆவது மாடியில் சொந்தமாகக் கொண்டோ வீடு வைத்திருக்கிறேன். பால்கனித் தரையில் 14 பெரிய தொட்டிகளிலும், கைப்பிடிக் கம்பியின் வெளிப்பக்கம் தொங்கும் 4 சிறிய தொட்டிகளிலும் ரோஜா வளர்க்கிறேன். எல்லாவற்றையும் 14 நாளில் அகற்ற வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்கு நாளொன்றுக்கு 50 வெள்ளி அபராதம் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்துள்ளது. என் செடிக்கு ஊற்றும் தண்ணீர் இறங்கி சீலிங் கெட்டுவிட்டது என்று கீழ்வீட்டு ஆன்ட்டி 3,800 வெள்ளி கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். அபராத விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம். தண்ணீர் விஷயத்தில் தொடக்கத்திலேயே உங்களுக்கு எதிராக நிற்கிறது. இரண்டையும் ஒரே பதில் கடிதத்தில் கலந்துவிடாதீர்கள்.

முதலில் அபராதம். 18 தொட்டிக்கு 50 வெள்ளி என்றால் நாளுக்கு 900 வெள்ளி ஆகிறது. அடுக்குமாடி வீடுகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி (சட்டம் 757), உபவிதியை, அதாவது கட்டடத்தில் குடியிருப்போர் கடைப்பிடிக்க வேண்டிய விதியை, மீறுபவருக்கு விதிக்கும் அபராதம் 200 வெள்ளியைத் தாண்டக் கூடாது. அந்தத் தொகையையும் உரிமையாளர்களின் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். மேனேஜரோ நிர்வாகக் குழுவோ தாங்களாக ஒரு தொகையை எழுதி அனுப்ப முடியாது.

அடுத்து, நீங்கள் எந்த விதியை மீறினீர்கள் என்று கடிதம் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உபவிதிகள் எல்லா ஸ்ட்ராட்டா கட்டடங்களுக்கும் பொருந்தும். பால்கனியில் செடி வளர்க்கக் கூடாது என்று அவற்றில் இல்லை. உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதென்றால், அது கூடுதல் உபவிதியாக, 21 நாள் முன்னறிவிப்போடு கூட்டிய பொதுக்கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு பெற்ற சிறப்புத் தீர்மானமாக நிறைவேறியிருக்க வேண்டும். சாவி கொடுத்த அன்று மேம்பாட்டாளர் தந்த 'ஹவுஸ் ரூல்ஸ்' புத்தகத்தில் ஒரு வரி இருப்பது மட்டும் போதாது. ஆகவே தீர்மானத்தின் நகல், கூட்டக் குறிப்பு, வாக்கு எண்ணிக்கை, சி.ஓ.பி. எனப்படும் கட்டட ஆணையரிடம் அதைத் தாக்கல் செய்த சான்று ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள்.

முறைப்படி நிறைவேறிய விதி இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கட்டடத்தின் தோற்றம், தோட்ட அமைப்பு பற்றிக் கூடுதல் உபவிதி இயற்றச் சட்டமே இடம் தருகிறது. இனிமேல்தான் கொண்டுவரப் போகிறார்கள் என்றால் கூட்டத்துக்குப் போய் வாக்களியுங்கள். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும். ஆனால் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் உங்களுக்கு வாக்கு இல்லை. நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவைப்பது பலரும் செய்கிற காரியம். அது வட்டியையும் வேறொரு வழக்கையும்தான் கொண்டுவரும்.

கம்பியின் வெளிப்பக்கம் தொங்கும் நான்கு தொட்டிகளை மட்டும் இன்றே உள்ளே எடுத்துவிடுங்கள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது என்பது மூன்றாம் அட்டவணையிலேயே உள்ள விதி. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாம் வட்டாரத்தில் மக்கள் குடியிருப்பு ஒன்றின் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. காற்று மழையில் உங்கள் தொட்டி ஒன்று கழன்று யாராவது இறந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகக் குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவு உங்கள் மேல் பாயலாம். இதில் வாதாட எதுவும் இல்லை.

இனி தண்ணீர். நீர் எந்த வழியாகக் கீழே போகிறது என்பதைப் பொறுத்து சட்டம் மாறும். பால்கனி விளிம்பைத் தாண்டிச் சொட்டி ஆன்ட்டியின் துணியை நனைத்தால் அது அண்டைவீட்டாருக்குத் தொல்லை. தளத்தின் உள்ளே ஊறி சீலிங்கில் ஈரம் தெரிந்தால் அது மாடிகளுக்கு இடையிலான கசிவு. அதற்குத் தனி நடைமுறை உண்டு. 757ஆம் சட்டத்தின் 142ஆம் பிரிவு, மறுப்புச் சான்று இல்லாதவரை குறை மேலே உள்ள வீட்டில்தான் என்று அனுமானிக்கிறது. அதாவது நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். தளத்தின் நடுமட்டமே இரண்டு வீட்டுக்கும் எல்லை என்பது பொது விதி. நீர்த்தடுப்புப் பூச்சு மேல் பாதியில் இருப்பதால், வீடுகளின் எல்லையைக் காட்டும் ஸ்ட்ராட்டா வரைபடத்தில் பால்கனி உங்கள் வீட்டோடு சேர்ந்திருந்தால் அந்தப் பூச்சும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பே. வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்காக 3,800 வெள்ளியை இப்போதே எடுத்துக் கொடுக்காதீர்கள். "சாரி ஆன்ட்டி, என் தண்ணிதான்" என்று வாட்சாப்பில் எழுதாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு சாட்சியாக வந்து நிற்கும். கசிவு பற்றி அறிவிப்புக் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் சோதனை செய்ய வேண்டும். அதை முடித்த ஐந்து நாளுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு படிவம் 28 என்ற சான்றிதழ் தர வேண்டும். காரணம் உங்கள் வீடு என்றால், சான்றிதழ் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் சரிசெய்யும் நடவடிக்கையை நீங்கள் எடுக்க வேண்டும். தவறினால் நிர்வாகமே பழுதுபார்த்துச் செலவை உங்களிடம் வசூலிக்கும். பல வீடுகளுக்குப் பொதுவான குழாயில் குறை என்றால் பொறுப்பு நிர்வாகத்துடையது. சோதனைக்கு வருபவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்க மறுக்காதீர்கள். அது 50,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ கிடைக்கக்கூடிய குற்றம். முடிவில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் கட்டட ஆணையரிடம் போகலாம். தீவில் அவர் பினாங்கு மாநகர் மன்றத்தில் இருக்கிறார்.

சோதனையை வெறும் பார்வையோடு முடிக்க விடாதீர்கள். தொட்டிகளை ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்து, பால்கனியை உலரவிட்டு, கீழ்வீட்டு சீலிங்கைத் தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். மழையும் இல்லாமல் ஈரம் வளர்ந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு இரு தரப்பும் பார்க்க, தரை வடிகாலை அடைத்துச் சாய நீரை ஒரு நாள் தேக்கிப் பார்க்கலாம். நிர்வாகத்தின் ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சேதம் கூடினால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும்.

தொட்டித் தோட்டங்களில் கசிவு பெரும்பாலும் வடிகாலில்தான் தொடங்குகிறது. தொட்டித் துளையிலிருந்து கழுவிவரும் மண்ணும் தேங்காய்நார்த் தூளும் அதை அடைக்க, நீர் தேங்கி, குழாயைச் சுற்றியுள்ள பூச்சின் விரிசல் வழியே இறங்குகிறது. வடிகால் மேல் நுண்வலை போடுங்கள். தொட்டிகளை ஐந்து சென்டிமீட்டர் உயரக் கால்கள் மேல் நிறுத்துங்கள். அடியில் தரை காய வேண்டும். தட்டு வைத்தால் ஊற்றிய அரை மணி நேரத்தில் நீரைக் கொட்டிவிடுங்கள். ரோஜா வேர் தேங்கிய நீரில் அழுகும் என்பது ஒருபுறம். அங்கே ஏடிஸ் கொசுப் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரி உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம். டிங்கிக் காய்ச்சலில் யாரும் பூவுக்காகப் பரிந்து பேச மாட்டார்கள்.

எடையையும் கவனியுங்கள். 40 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் ஈரத் தோட்டமண் நிரப்பினால் 50 கிலோவைத் தொடும். 14 தொட்டிக்கு 700 கிலோ. வீட்டுத் தளங்களுக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் சுமை கணக்கிடுவார்கள். 4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பால்கனி என்றால் மொத்தமே 720 கிலோதான். நீங்கள் ஏறி நின்றாலே அளவு தாண்டிவிடும். உங்கள் கட்டட வரைபடத்தில் உள்ள எண்ணே இறுதியானது. தேங்காய்நாரும் பெர்லைட்டும் கலந்த லேசான கலவைக்கு மாறி, தொட்டிகளையும் குறைத்தால், "தளத்துக்கு ஆபத்து" என்ற வாதம் பலமிழக்கும்.

பேச்சில் தீராவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2,50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். முதல் விசாரணை நாளிலிருந்து இயன்றவரை 60 நாளில் தீர்ப்பு வரும். அதை மீறுவது குற்றம் என்பதால் நிர்வாகமும் அலட்சியம் செய்யாது.

14 நாள் முடியும் முன் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். வெளிப்பக்கத் தொட்டிகளை எடுத்துவிட்டதை எழுதுங்கள். அகற்றச் சொல்லும் உபவிதியின் எண்ணையும் தீர்மான நகலையும் கேளுங்கள். 200 வெள்ளி உச்சவரம்பைக் குறிப்பிடுங்கள். கசிவுச் சோதனைக்கு நீங்கள் தயாராக இருக்கும் தேதிகளையும் கொடுங்கள். ஆன்ட்டிக்குத் தனிக் கடிதம்: படிவம் 28 வந்த பிறகு, காரணம் உங்கள் வீடு என்று உறுதியானால், பில்லைப் பார்த்து நியாயமான செலவைப் பேசலாம் என்று, 'உரிமைகளுக்குக் குந்தகமின்றி' (இது தவறை ஒப்புக்கொள்வதாகாது என்று பொருள்) என்ற தலைப்போடு. தொட்டிகள், வடிகால், அவருடைய சீலிங் ஆகியவற்றின் இன்றைய நிலையைப் படம் எடுத்து இரண்டு கடிதங்களின் நகலோடு சேர்த்து வையுங்கள்.