ரிமோட் டெஸ்க்டாப்பில் என்விடிஏ பேசாவிட்டால்

வணக்கம் தம்பி. பண்டாரவளை ஆபீஸிலிருந்து கொழும்பு சேர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்துக் கணினியின் திரையை இங்கே காட்டும் வசதி) போனதும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் வாயே திறப்பதில்லை, பக்கத்து மேசைக்காரரை வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த ஜன்னலுக்குள் வருவது வெறும் படம். திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே கிடைக்காது.

படத்தை விட்டுவிட்டு, எழுத்தாலேயே கட்டளை கொடுக்கும் விண்டோஸ் கருவியான பவர்ஷெல்லுக்கு வாங்க. விண்டோஸ் சேர்வர் 2012 முதல் பவர்ஷெல் ரிமோட்டிங், அதாவது தூரத்திலிருந்தே கட்டளை கொடுக்கும் வசதி, இயல்பாகவே திறந்திருக்கும். விபிஎன்னில் (ஆபீஸ் வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) இணைந்து, சேர்வருக்குள் நுழையும் 'என்டர்-பிஎஸ்செஷன்' கட்டளை கொடுத்தால் வருவதெல்லாம் எழுத்து. சேர்வரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைப் பட்டியலிடும் 'கெட்-சர்வீஸ்' கட்டளை நீளமாகக் கொட்டும், காது களைத்துப்போகும். நின்றுபோன சர்வீஸ்களை மட்டும் வடிகட்டி, சிஎஸ்வி (அட்டவணைக்கான எளிய எழுத்துக் கோப்பு) கோப்பாக்கி, உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து எக்செலில் திறங்கள். அம்புக்குறி விசையால் கட்டம் கட்டமாகக் கேட்கலாம். மழை நாளில் நம்ம பக்கம் இணைப்பு மெலிந்தாலும் எழுத்து வந்து சேரும்.

திரைக்குள் போயே ஆகவேண்டிய வேலைக்கு, என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து தொலை அணுகல் உள்ளேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் என்விடிஏ ஓட வேண்டும். அங்கே பேசுவது உங்கள் காதில் விழும். மேலாளர் தயங்கினால், இலவசமான திறந்தமூல மென்பொருள் என்று சொல்லுங்கள். அதுவரைக்கும் பாஸ்வேர்டை மட்டும் யாரையும் டைப் பண்ண விடாதீர்கள்.

பிழைச் செய்தி வந்தால் அப்படியே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.