எதிர்ப்புச் சக்திக்கு எந்த டானிக்?

கேள்வி: ஐயா, ஒடுகத்தூர் பக்கம் மூன்று கலப்பின ஜெர்சி மாடு வைத்திருக்கிறோம். ஒன்று கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. நான்கு நாளாக வலது பின்காம்புப் பக்கம் மடி வீங்கிச் சுடுகிறது, பால் திரிதிரியாக வருகிறது. போன ஈத்திலும் இதே காம்பில்தான் வந்தது. மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று மருந்துக் கடையில் ஒரு டானிக் கொடுத்தார்கள். பாட்டில் தீர்ந்தும் குறையவில்லை. இதைவிட வீரியமான டானிக் சொல்லுங்கள்.

பதில்: முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள் அம்மா, இன்றைக்கே. இது மடிநோய். நான்கு நாள் ஏற்கெனவே வீணாகிவிட்டது. ஒரே காம்பில் திரும்ப வந்திருப்பதால், மருந்து ஏற்றும் முன் கொஞ்சம் பாலைச் சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று தெரியும். அந்தக் காம்பைக் கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் கறந்து, தொழுவத்துக்கு வெளியே தள்ளிக் கொட்டுங்கள். மருந்து போட்டபின் டாக்டர் சொல்லும் நாள்வரை எந்தக் காம்புப் பாலும் சொசைட்டிக்குப் போகக் கூடாது.

சரி, டானிக். எதிர்ப்புச் சக்தி இல்லை என்றவர் அந்தப் பாலைப் பார்த்திருக்க மாட்டார். திரிதிரியாக வருவதில் திரிந்த பாலோடு உங்கள் மாட்டின் வெள்ளணுக்களும் இருக்கின்றன. கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து மடிக்குள் இறங்கிக் கிருமியை விழுங்கும். வீக்கமும் சூடும் அந்த வேலையால் வருவதுதான். நல்ல மடியின் பாலில் மில்லிக்கு 2 லட்சத்துக்குள் இருக்கும் செல்கள் பல மடங்கு ஏறிவிடும். ஆனால் பாலுக்குள் அவற்றின் கை ஓங்காது. கொழுப்பையும் பால் புரதத்தையும் சேர்த்து விழுங்கிக் களைத்துவிடும். கன்று போட்ட புதிதில் இன்னும் மந்தம். பசுந்தீவனமும் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் அவற்றுக்குக் கைகொடுக்கும். பாட்டில் காசை அதில் போடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கிருமி எப்படி உள்ளே போனது என்பது. காம்பு நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு குழாய், அதைச் சுற்றி இறுக்கும் தசை, உள்ளே மெழுகு மாதிரி ஒரு தக்கை. மாட்டின் முதல் காவல் அவ்வளவுதான். கறக்கும்போது தக்கை கழுவிப் போய்விடும். குழாய் மறுபடி இறுக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கறந்து முடித்ததும் மாடு சாணியில் படுத்தால்? திறந்த வாசல்.

அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: கறந்தவுடன் தீவனம் வையுங்கள். தின்று முடிக்கும்வரை மாடு நிற்கும். கறப்பதற்கு முன்பே தீவனத்தைக் காட்டிவிட்டுக் கறந்ததும் படுக்க விடுவதுதான் நம் பக்கத்து வழக்கம், அதை மாற்றுங்கள். காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பதும் அதே நிமிடத்தில் நடக்க வேண்டும். டானிக்கில் கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு, மாட்டை நிற்க வைப்பதில் யாருக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம், கட்டைவிரலை மடக்கிக் கறக்கிறீர்களா? மடக்கினால் குழாயின் உள்தோல் நசுங்கும். பாலைத் தொட்டுக் கையை ஈரமாக்கிக் கறப்பதும் வேண்டாம். ஒரு மாட்டின் கிருமியை அடுத்ததற்கு ஏற்றுவது அந்தக் கைதான். நோய் மாட்டைக் கடைசியில் கறங்கள்.

பொய்கைச் சந்தையில் மாடு பிடிக்கப் போனாலும் மடிப் பெருக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மடி பெரிதாகத் தெரியக் கறக்காமல் ஓட்டி வருபவர்கள் உண்டு. பால் முட்டினால் குழாய் விரிந்து சொட்டும். உட்கார்ந்து காம்பு நுனியைப் பாருங்கள். சொரசொரப்பாக வளையம் தடித்திருந்தால் அந்த மாடு வேண்டாம்.

இந்த மாட்டை அடுத்த ஈத்துக்கு வற்றவிடும்போது, கன்று போட இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் நான்கு காம்புக்கும் வற்றுக்கால மருந்து ஏற்றச் சொல்லுங்கள். தக்கை நன்றாகப் பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை படுக்கும் இடம் ஈரமில்லாமல் இருக்கட்டும்.